மணல் இறங்கினால் தண்ணீரும் இறங்கும்



ஆற்று மணல் என்று பேச்சு எடுத்தாலே நம்மில் பலர் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "ஆத்து மணல்தானுங்களே! இன்னிக்கு அள்ளினா அடுத்த வெள்ளத்துல தானா வந்து ரொம்பிடும்." இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மண்வெட்டியும் கூடையும் மாட்டு வண்டியும் வைத்து அள்ளிய நாளில் இது நடைமுறைக்கு ஒத்த பேச்சுத்தான். மனிதன் ஒரு வருஷம் பூராவும் எடுத்ததை ஆறு ஒரு வெள்ளத்தில் திருப்பிக் கொடுத்தது. யந்திரம் வைத்து அள்ளும்போதும் இந்தப் பேச்சு செல்லுமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேடி உங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1945ல் இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் அங்கே நாடு நாடாக இடிந்து கிடந்த ஊர்களைத் திரும்பக் கட்டினார்கள். வீடு, தொழிற்சாலை, பாலம், பெரிய பெரிய சாலைகள். எல்லாம் கான்கிரீட். கான்கிரீட்டுக்கு மணலும் சரளையும் வேண்டும். அவை பக்கத்திலேயே, கழுவி வைத்த மாதிரி, ஆற்றில் கிடந்தன. 1950லிருந்து 1980 வரை, சுமார் முப்பது வருஷம், யந்திரப் படகுகளை வைத்து அள்ளித் தள்ளினார்கள். அப்புறம்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. அங்கே பெரிய ஆறுகளில் நூறு வருஷத்துக்கும் முன்பிருந்தே நீர்மட்டத்தைக் குறித்து வைத்த ஏடுகள் இருக்கின்றன. எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். ஆக, அள்ளியதன் பலன் என்ன என்பதற்கு வாய்ப்பேச்சு இல்லாமல் அளந்த கணக்கே அவர்களிடம் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஆறு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நான் ஆற்றுத் தரை என்று சொன்னால், தண்ணீருக்கு அடியில் இருக்கிற மணல் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறி இறங்குகிற கரையோர வயலைப் படுகை நிலம் என்று சொல்கிறேன்.

ஓடுகிற தண்ணீருக்கு இழுக்கிற பலம் உண்டு. அந்தப் பலத்தில் ஒரு பங்கு மணலை உருட்டிக் கொண்டு போவதில் செலவாகிறது. பாரம் ஏற்றிய வண்டி மாடு நிதானமாக நடக்கிறது இல்லையா, அந்த மாதிரி. பாரத்தை இறக்கிவிட்டால் மாடு ஓட்டம் பிடிக்கும். மணல் இல்லாத தண்ணீரும் அப்படித்தான். மிச்சப்பட்ட பலத்தைக் கொண்டு தரையையும் கரையையும் அரிக்கும். நிபுணர்கள் இதற்குப் 'பசித்த தண்ணீர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பேர்.

ஆற்றில் ஓரிடத்தில் ஆழமாகக் குழி எடுத்தால், மேலேயிருந்து உருண்டு வருகிற மணல் அந்தக் குழியில் விழுந்து தங்கிவிடும். குழியைத் தாண்டுகிற தண்ணீர் பசியோடு போய்க் கீழே உள்ள தரையை அரிக்கும். அது ஒரு பக்கம். குழியின் மேல் விளிம்பில் தண்ணீர் சரிவாக விழுகிறது பாருங்கள், அந்த விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் மேல்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். வாய்க்கால் உடைத்துக்கொண்டால் அந்த உடைப்பு தரையைப் பறித்தபடி மேலே ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். அள்ளிய இடம் ஒன்று, சேதமாகிற இடம் வேறொன்று. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாலம் ஆட்டம் காணும். மதகு அந்தரத்தில் நிற்கும்.

கிணற்றுக்கு வருவோம். ஆற்றுத் தரை இறங்கினால் ஆற்றின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். மேலேயிருந்து வருகிற தண்ணீர் குறையவில்லை; அதே தண்ணீர் தாழ்ந்த தரையில் ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆறும் கரையோரக் கிணறும் அடியில் மணலால் இணைந்தவை. வழக்கமாக ஆறு கிணற்றுக்குக் கொடுக்கும். ஆறு தாழ்ந்து போனால் தண்ணீர் திரும்பி நடக்கும். நிலத்தடியில் இருப்பது மெள்ள ஆற்றுக்கு வடிந்துவிடும். கரையில் நிற்கிற மரத்துக்கு வேர் எட்டாது. ஐரோப்பிய ஆற்றங்கரைகளில் வில்லோ, பாப்லர் என்ற மரங்கள் இப்படித்தான் நுனியிலிருந்து காய்ந்து வந்தன.

பிரான்ஸ் நாட்டில் லுவார் என்று ஓர் ஆறு. அந்த நாட்டிலேயே நீளமான ஆறு, 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணல் திட்டுகளுக்குப் பேர் போனது. அதன் கரையில் டூர் என்ற நகரம். அங்கே 1778ல் கட்டி முடித்த கல் பாலம் ஒன்று உண்டு. வில்சன் பாலம் என்று பேர். அதன் தூண்களுக்கு அடியில் மரக் கம்பங்களை இறக்கி அதன்மேல் கல் எழுப்பியிருந்தார்கள். மரம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் நூறு, இருநூறு வருஷம் ஆனாலும் கெடாது. பழைய கிணற்றைத் தூர் வாரும்போது அடியில் கிடந்த பலகை இரும்பு மாதிரி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காற்றுப் பட்டால்தான் உளுக்கும். லுவாரில் மணல் அள்ளி அள்ளித் தரை இறங்கியது. கோடையில் நீர்மட்டமும் இறங்கியது. தண்ணீருக்குள் இருந்த மரக் கம்பங்கள் வெளியே தலைகாட்டின, உளுத்தன. சுற்றி இருந்த மணலையும் வெள்ளம் பறித்தது. 1978 ஏப்ரல் 9ஆம் தேதி காலையில் பாலத்தின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் சரிந்தன. இருநூறு வருஷம் எத்தனையோ வெள்ளத்தையும் யுத்தத்தையும் தாங்கிய பாலம் அது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தோடு போன குடிநீர்க் குழாய் அறுந்ததால் நகரத்துக்குத் தண்ணீர் நின்றது.

அதே லுவார் கடலில் கலக்கிற இடத்துக்குச் சற்று மேலே நாந்த் என்ற துறைமுக நகரம். கப்பல் போகவேண்டும் என்று அடியைத் தோண்டினார்கள். மேலே மணலும் அள்ளினார்கள். இரண்டும் சேர்ந்து 20ஆம் நூற்றாண்டில் அங்கே கோடைகாலத் தாழ்ந்த நீர்மட்டம் 3 மீட்டருக்கும் மேல் இறங்கியது. நம் கணக்கில் பத்து அடி. ஆறு தாழ்ந்தால் கடல் சும்மா இருக்குமா? உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட கனமானது. அது ஆற்றின் அடிவழியாக ஊர்ந்து உள்ளே ஏறும். அலையேற்றம் முன்பு எட்டாத ஊர்வரை எட்டியது. சேறும் உப்பும் வரவர, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிற இடத்தை ஆற்றின் மேல்பக்கம் மோவ் என்ற ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நகரசபைக்குப் பணம் உண்டு, குழாயை மேலே நகர்த்திவிட்டது. கரையில் மோட்டார் வைத்துப் பாய்ச்சுகிறவன் நிலத்தை நகர்த்த முடியுமா?

இனி இத்தாலிக்குப் போவோம். நம்மவர்களுக்கு அந்த நாட்டோடு ஒரு சொந்தம் உண்டு. ஐரோப்பாவில் அதிகமாக நெல் விளைகிற நாடு அதுதான். அங்கே ஆல்ப்ஸ் மலைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடிக் கடலில் சேர்கிறது ஓர் ஆறு. அதன் பேர் 'போ'. பேரே போ என்பதால் மணலும் போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். விஷயம் வேடிக்கை இல்லை. 1950க்கும் 1980க்கும் இடையில் போ ஆற்றில் ஏராளமான மணல் எடுத்தார்கள். கிரெமோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றுத் தரை சுமார் 5 மீட்டர் இறங்கியது. பதினாறு அடி! தென்னைமரம் பாதி உயரம் என்று வையுங்கள்.

ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? தலைமதகின் வாசற்படிக்கு மேலே ஆற்று நீர்மட்டம் நின்றால்தான் வரும். தரை ஐந்து மீட்டர் இறங்கினால் படி மேலே, தண்ணீர் கீழே. ஆற்றில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்; வாய்க்காலுக்கு ஏறாது. முன்பு தானாகப் பாய்ந்த இடங்களில் பம்பு வைத்து ஏற்ற வேண்டிவந்தது. பம்பும் கோடையில் எட்டாமல் போய், மேலும் தாழ்த்தி வைத்தார்கள். மின்சாரச் செலவு விவசாயி தலையில். மணல் விற்ற காசு யார் கைக்குப் போனதோ அவர்கள் அந்தச் செலவில் பங்கு கேட்டு வரவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். போ ஆறு தாழ்ந்ததற்கு மணல் எடுத்தது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 1962ல் மின்சாரத்துக்காகக் கட்டிய ஒரு அணை மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது. படகு போவதற்காக ஆற்றைக் கல் சுவர்களால் நெருக்கினார்கள். நெருங்கிய தண்ணீர் ஆழமாக அரித்தது. கழிமுகத்தில் 1938 முதல் 1961 வரை எரிவாயுவுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நிலமே இரண்டு மீட்டருக்கு மேல் அமுங்கிப்போனது. இவை எல்லாம் சேர்ந்த வினை. ஆனால் இந்தக் காரணங்களில் உடனே நிறுத்தக்கூடியது மணல் அள்ளுவது ஒன்றுதான். அணையை இடிக்க முடியாது. அமுங்கிய நிலத்தைத் தூக்கி நிறுத்த முடியாது.

2022ல் வட இத்தாலியில் மழையும் பனியும் பொய்த்தன. போ ஆற்றில் எழுபது வருஷத்தில் காணாத வறட்சி. ஜூலை 4ஆம் தேதி ஐந்து மாகாணங்களில் நெருக்கடி நிலையை அரசாங்கம் அறிவித்தது. கடல் உப்பு ஆற்றுக்குள் 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறியது. கழிமுகத்தில் நெல் போட்டவர்கள் கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாமல் நின்றார்கள். வறட்சிக்கு மணல் காரணம் இல்லை. ஆனால் உயர்ந்த தரை இருக்கிற ஆறு வறட்சியைத் தாங்குகிற விதம் வேறு, தாழ்ந்த தரை இருக்கிற ஆறு தாங்குகிற விதம் வேறு.

"மணல் எடுத்தால் ஆறு ஆழமாகும், வெள்ளம் ஊருக்குள் வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போலந்து நாட்டில் கார்பேத்தியன் மலையிலிருந்து இறங்குகிற ஆறுகளில் இதைப் பார்த்தார்கள். ஆற்றை நேராக்கியதாலும் கூழாங்கல்லையும் சரளையையும் எடுத்ததாலும் சில ஆறுகள் 3 மீட்டர் வரை தாழ்ந்தன. வெள்ளம் படுகை நிலத்துக்கு ஏறவில்லை, உண்மை. ஏறாததால் வண்டலும் வரவில்லை. படுகையில் பரவி, தங்கி, மெள்ளப் போகவேண்டிய வெள்ளம் முழுவதும் ஆழமான கால்வாயில் போகிற மாதிரி ஒரே ஓட்டமாகக் கீழே உள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நம் வயலுக்கு வராத வெள்ளம் காணாமல் போவதில்லை. அடுத்த ஊரான் வாசலுக்குப் போகிறது.

இப்போது சொல்லப்போவது துக்கமான சங்கதி. போர்ச்சுகல் நாட்டில் டோரு என்ற ஆறு. அதன்மேல் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு பாலம். 2001 மார்ச் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காஸ்டெலோ டெ பைவா பகுதி கிராமத்து ஜனங்கள் வாதுமை மரம் பூத்திருப்பதைப் பார்க்க ஒரு பஸ்ஸில் போய்விட்டு இரவு வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கூப்பிடு தூரம். வெள்ள காலம். பாலத்தின் தூண் ஒன்று அடியோடு சரிந்தது. பஸ்ஸும் மூன்று கார்களும் ஆற்றில் விழுந்தன. 59 பேர் மாண்டார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சில உடல்கள் ஆற்றோடு கடலுக்குப் போய் ஸ்பெயின் நாட்டுக் கரையில் ஒதுங்கின. பல உடல்கள் கிடைக்கவே இல்லை. அன்று இரவே பொதுப்பணிக்குப் பொறுப்பான மந்திரி ஜோர்ஜ் கோயல்யோ பதவி விலகினார்.

விசாரணைக் குழு போட்டார்கள். வருஷக்கணக்காக மணல் எடுத்ததும், மேலே உள்ள அணைகள் மணலைத் தடுத்ததும் சேர்ந்து ஆற்றுத் தரை தாழ்ந்து போனது. தூணைச் சுற்றி இருந்த மணல் அரித்துக்கொண்டு போனது. அந்த நிலையில் வந்த வெள்ளம் மிச்சத்தை முடித்தது என்று கண்டார்கள். வழக்குப் போட்ட பொறியாளர்கள் ஆறு பேரும் 2006ல் விடுதலையானார்கள். மணல் எடுத்த படகு எத்தனையோ, எடுத்த வருஷம் எத்தனையோ. எந்த லோடு மணல் அந்தத் தூணைச் சாய்த்தது என்று எந்தக் கோர்ட்டிலே நிரூபிக்க முடியும்?

சரி, சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். ஐரோப்பா பூராவுக்கும் மணலுக்கென்று ஒரே சட்டம் கிடையாது. நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக இருப்பது ஐரோப்பிய யூனியன் போட்ட மூன்று ஆணைகள். 1985ல் போட்டது, பெரிய வேலை எதையும் தொடங்குமுன் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து ஜனங்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 1992ல் போட்டது, அரிய உயிரினங்கள் வாழ்கிற இடங்களைக் காக்கச் சொல்கிறது. சரளையில் முட்டையிடுகிற சால்மன் மீன் போன்றவற்றுக்கு இது ஒரு பாதுகாப்பு. 2000ல் போட்ட தண்ணீர் ஆணைதான் பெரியது. எந்த ஆறும் இப்போது இருக்கிற நிலையைவிடக் கெடக்கூடாது, கெட்டதைச் சீர்படுத்த வேண்டும் என்று அது நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. 2015க்குள் முடிக்க வேண்டும், தப்பினால் 2027 கடைசி என்று தவணை. நிறைய ஆறுகள் அந்தத் தவணையையும் தாண்டும் போல இருக்கிறது. அது வேறு விஷயம்.

உருப்படியான சட்டம் என்று கேட்டால் நான் பிரான்ஸைத்தான் காட்டுவேன். 1994 செப்டம்பர் 22ஆம் தேதியிட்ட உத்தரவு, ஆறு ஓடுகிற தரையில் மணல் குவாரி வைப்பதையே தடை செய்துவிட்டது. பராமரிப்புக்காகத் தூர் வாரலாம், வியாபாரத்துக்கு அள்ளக்கூடாது. படுகை நிலத்தில் எடுக்கிறவர்களும் ஆற்றின் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளித்தான் எடுக்கவேண்டும், 7.5 மீட்டருக்குக் குறைந்த சிற்றாறு என்றால் 10 மீட்டர். குவாரி திறக்கும் முன்னாலேயே, பிற்பாடு அந்த இடத்தைச் சீர்படுத்துவதற்கான பணத்துக்கு ஜாமீன் கட்டவேண்டும். இந்த ஜாமீன் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. எடுத்துவிட்டு ஓடிப்போகிறவனை நம்பிச் சட்டம் எழுதக்கூடாது. போர்ச்சுகல் 2005ல் கொண்டுவந்த தண்ணீர்ச் சட்டத்துக்குப் பிறகு, ஆற்றைப் பேணுவதற்கான திட்டத்தில் எழுதியிருந்தால்தான் அங்கே மணல் எடுக்கலாம். இத்தாலி 1989ல் ஒவ்வொரு பெரிய ஆற்றுக்கும், மலை முதல் கடல் வரை முழுசாகப் பார்த்துக்கொள்ள, ஒரு தனி நிர்வாகம் அமைத்தது. ஆற்றை ஜில்லா ஜில்லாவாக வெட்டிப் பார்த்தால் மேல் ஜில்லா அள்ளுவதும் கீழ் ஜில்லா அழுவதும் நிற்காது.

இத்தனை சட்டம் போட்டும் கட்டட வேலை நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. அப்படியானால் மணல் எங்கிருந்து வந்தது? விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆற்றில் எடுக்காதே என்றதும், ஆறு பழைய காலத்தில் கொண்டுவந்து போட்ட மணல் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். வேறு யார், படுகை நிலத்து விவசாயிதான். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்த மணலை எடுத்தார்கள். பிரான்ஸில், ஜெர்மனியில் ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில், நெதர்லாந்தில் என்று நல்ல விளைநிலம் பல இடங்களில் ஏரியாகிப் போனது.

இந்தக் குழி ஏரியால் கிணற்றுக்கு வருகிற மாற்றத்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். நிலத்தடித் தண்ணீரும் சரிவாகத்தான் இருக்கும். மேட்டுப்பக்கம் உயர்ந்து, பள்ளப்பக்கம் தாழ்ந்து. நடுவிலே பெரிய குழி வெட்டினால், குழித் தண்ணீர் தட்டு மாதிரி சமமாக நிற்கும். மேட்டுப்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும். பள்ளப்பக்கத்தில் ஏறி, வேருக்கு ஓதம் தட்டும். அதோடு முன்பு மண் மூடியிருந்த தண்ணீர் வெயிலுக்குத் திறந்து கிடப்பதால் ஆவியாகிப் போவதும் அதிகம். நிலத்தை விற்றவனுக்குக் காசு. விற்காத பக்கத்து வயல்காரனுக்கு நஷ்டம்.

இதிலே ஒரு விசித்திரம். நாந்த் நகரத்தைச் சுற்றி 'மாஷ்' என்ற ஒரு கீரை ஏராளமாகப் பயிராகிறது. பிரான்ஸில் விளைகிற மாஷ் கீரையில் பெரும்பங்கு அங்கேதான். விதைத்து அதன்மேல் மணலை மெல்லிசாகப் பரப்புகிறார்கள். மணல் சீக்கிரம் சூடேறும், விதை ஒரே சீராக முளைக்கும், அறுப்பும் சுலபம். ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் மணல் போய்விடும், மறுபடி போடவேண்டும். அந்த மணலும் குவாரியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்து சேன் கொலொம்பான் என்ற ஊரில் மணல் குவாரியைப் பெரிசாக்குகிற திட்டத்தை எதிர்த்து 2021ல் ஊர் ஜனங்களும் சிறு விவசாயிகளும் போராட்டம் நடத்தினார்கள். மணல் வேண்டும் என்கிறவரும் விவசாயி, வேண்டாம் என்கிறவரும் விவசாயி. ஆகையால் இந்த விவகாரத்தில் கட்டடக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மணலுக்கு மாற்று தேடுவதும் நடக்கிறது. பிரிட்டன் 2002 ஏப்ரலில் புதிதாக வெட்டி எடுக்கிற மணல், சரளை, ஜல்லி எல்லாவற்றுக்கும் டன்னுக்கு 1 பவுண்டு 60 பென்ஸ் வரி போட்டது. இடித்த கட்டடத்தை உடைத்துத் திரும்ப உபயோகித்தால் வரி இல்லை. இன்று அந்த நாட்டில் இந்த வகைப் பொருள்களில் கால் பங்குக்கு மேல் பழைய இடிபாட்டையும் கழிவையும் கொண்டே ஈடுகட்டுகிறார்கள். ஐரோப்பிய யூனியனும் 2020க்குள் கட்டட இடிபாட்டில் நூற்றுக்கு 70 பங்கைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று 2008ல் விதித்தது. பள்ளத்தில் கொட்டி மேடாக்கினால்கூட அதை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காகிதத்தில் கணக்கு நேராகிவிடும், ஆற்றுக்கு அவ்வளவு பலன் இல்லை.

எடுத்த மணலைத் திருப்பிப் போட முடியுமா? முடியும். என்ன விலை ஆகிறது என்பதை ரைன் ஆற்றில் பார்க்கலாம். ஜெர்மனியில் இஃபெட்ஸ்ஹைம் என்ற இடத்தில் 1977ல் அணை கட்டி முடித்தார்கள். அணை, மேலேயிருந்து வருகிற மணலையும் சரளையையும் நிறுத்திவிட்டது. கீழே பசித்த தண்ணீர். விட்டால் கீழ் ஆறு முழுக்க அரித்துக்கொண்டு போகும் என்று தெரிந்ததால், 1978லிருந்து வருஷா வருஷம் படகில் மணலும் சரளையும் கொண்டுபோய் அணைக்குக் கீழே கொட்டுகிறார்கள். சராசரியாக வருஷத்துக்கு 1,80,000 கன மீட்டர். நம் லாரிக்காரர் கணக்கில் 63,000 யூனிட்டுக்கு மேல். பெரும்பாலும் பக்கத்துக் குவாரிகளில் காசு கொடுத்து வாங்கித்தான் கொட்டுகிறார்கள். ஒரு வருஷம் கொட்டினால் போதும் என்றும் இல்லை. அணை நிற்கிறவரை கொட்ட வேண்டும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குக் கீழே டான்யூப் ஆற்றிலும் இதே வைத்தியம் நடக்கிறது. வெள்ளத்தில் சும்மா வந்த மணலின் விலை என்ன என்று அங்கே கணக்கு எழுதும் அதிகாரிகளைக் கேட்டால் தெரியும்.

நாந்த் நகருக்கு மேலே லுவார் ஆற்றில் வேறு முறை. பழைய நாளில் கப்பலுக்காக ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள். ஆறு அகலமாகப் பரவும், வேகம் குறையும், மணல் தங்கும். ஆற்றையே வேலை செய்ய விடுகிற முறை இது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இறங்கிய தரை ஏறுவதற்கு ஒரு தலைமுறையாவது பிடிக்கும். இத்தாலியிலும் போ ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 35 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் கெடாத ஆற்றைக் காத்துக்கொண்டவர்களும் உண்டு. அல்பேனியா என்ற சின்ன நாடு 2023 மார்ச்சில் வியோசா என்ற ஆற்றை, அதன் கிளைகளோடு சேர்த்து, தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதே நாட்டில் வேறு பல ஆறுகளை 1990க்குப் பிறகு சரளைக்காகத் தோண்டிப் பாழாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர்கள் சொல்ல முடிந்தது அளந்து வைத்ததால்தான் என்று முதலிலேயே சொன்னேன். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கிணறு ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தால், கிணற்றுக் கட்டையில் ஓரிடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கோட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று கயிற்றில் கல் கட்டி அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும். பக்கத்தில் பாலம் இருந்தால், கோடையில் ஒரு நாள், ஏதாவது ஒரு தூணுக்கு நேராகப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து மணல் தரைவரை கயிறு விட்டு அதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தூண் என்று மறக்காமல் குறிக்க வேண்டும். அடுத்த வருஷம் அதே தூணில், அதே மாதத்தில் அளக்க வேண்டும். ஒரு வருஷக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; வெள்ளம் ஒரு வருஷம் கூட வரும், ஒரு வருஷம் குறையும். நாலைந்து வருஷம் சேர்ந்தால் தரை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து இந்தப் பொறுப்பை விட்டால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.